மால்ட்டாவுக்கு ஒரு வெள்ளோட்டம்

என் மடத்தனங்களையெல்லாம் கூட்டி வைத்து ஒரு குடும்பப் படம் எடுத்தால், நடுக் கதிரையில் மாலையும் கழுத்துமாக இருக்கப்போவது இதுதான்: மனைவிக்கு ஓய்வு கொடுப்பதற்கு நான் ஒத்திகை பார்த்தேன். நித்திரை கொள்கிறவரைத் தட்டி எழுப்பி, “உங்களுக்கு நித்திரை வருமோ எண்டு ஒருக்கால் படுத்துக் காட்டுங்கோ” என்று கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் நானாக இருந்திருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஒக்லாந்தில், ஹில்ஸ்பரோ பகுதியில் ஒரு வீடு, அந்த வீட்டைவிடப் பெரிய மோட்கேஜ் கடன், பதினாறு வயதில் ஒரு மகள், பதினாலு வயதில் ஒரு மகன். பிள்ளைகள் இரண்டு பேரும் தமிழை விளங்கிக்கொள்வார்கள். பெருமூச்சை மட்டும் ஆங்கிலத்தில் விடுவார்கள். நான் விரி என்ற பகுதியில் ஒரு களஞ்சியத்தில், லொறிகளுக்குச் சாமான் ஏற்றி அனுப்பும் பகுதிக்கு மேற்பார்வையாளன். மனைவிக்கு ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. பகல் முழுக்கப் பல்லில்லாதவர்களுக்கு உருளைக்கிழங்கு மசிப்பாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, பல் உள்ள எங்கள் மூன்று பேருக்கும் சோறு கறி வைப்பாள். சனி ஞாயிறுகளில் எங்களிடம் ஆட்கள் சாப்பிட வருவார்கள். ஏன் வருகிறார்கள் என்று நான் யோசித்ததில்லை. நான் பகிடி விடுவதைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய வேலையிடத்துக் குசினிச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. பயணச்சீட்டு விற்கிற கடையொன்று கொடுத்தது. ஏப்ரல் மாதத்துக்கு ‘மால்ட்டாவில் வசந்தம்’ என்று ஒரு படம்: நீலக் கடல், மஞ்சள் கல் வீடு, வாசலில் கதிரை போட்டு ஒரு கிழவி. அந்தக் கிழவி ஒன்றும் செய்யவில்லை. மடியில் ஒரு வெங்காயம்கூட இல்லை. ஏப்ரல் முடிந்த பிறகும் என் மனைவி அந்தத் தாளைத் திருப்பவில்லை. மே, ஜூன், ஜூலை எல்லாம் அந்தக் குசினிக்கு வராமலே போயின.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

“எனக்கு அங்கை போகோணும். ஒரு கிழமை. ஒரு சட்டிபானை என்ர கண்ணிலை படக்கூடாது. ஒருத்தரும் என்னட்டை ‘இண்டைக்கு என்ன கறி’ எண்டு கேக்கக்கூடாது.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கையில் சோறோடு எழும்பி நின்று, “போறம்! அடுத்த வருசம் வசந்த விடுமுறைக்கு மால்ட்டா!” என்று அறிவித்தேன்.

“அப்பா,” என்றாள் மகள், பத்து வயதில் அவளுக்கு நான் பூமிசாஸ்திரம் சொல்லிக்கொடுத்ததன் விளைவை அனுபவிக்கிறவள் மாதிரி. “எங்கட வசந்தம் செப்டெம்பர். அங்கை அப்ப இலையுதிர்காலம். படத்திலை இருக்கிறது ஏப்ரல்.”

ஏப்ரலில் எனக்கு லீவு கிடையாது. ஈஸ்டருக்கு நாடு முழுக்க சொக்லட் முட்டை அனுப்புகிற மாதம் அது. ஆனால் அறிவித்தது அறிவித்ததுதான்.

“பூவையெல்லாம் இஞ்சை பார்த்திட்டு பிளேன் ஏறுவம். மிச்சத்தை அங்கை போய்ப் பார்ப்பம்,” என்றேன்.

“எனக்குப் பூ வேண்டாம்,” என்றாள் மனைவி. “கதிரை இருந்தாச் சரி.”

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என் தொழில் புத்தி விடவில்லை. புது வழியில் லொறி அனுப்புவதென்றால் நாங்கள் முதலில் வெறும் லொறியை ஓட்டிப் பார்ப்போம். கோயிலிலும் அதுதானே? புதுத் தேர் செய்தால் எடுத்த உடனே சாமியை ஏற்றுவதில்லை. வெறுந்தேரை ஒருமுறை வீதியில் இழுத்து, எந்தச் சில்லு இறுகுகிறது, எந்த மூலையில் திரும்ப அடம்பிடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் சாமி. வெள்ளோட்டம் என்பார்கள். ஒரு தேருக்கே வெள்ளோட்டம் வேண்டுமென்றால், இரண்டு பதின்மவயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பூமியின் மறுபக்கம் போகிற வாகனத்துக்கு எவ்வளவு வேண்டும்?

ஆகவே ஒரு வருடம் முன்னதாக, அந்த செப்டெம்பர் விடுமுறையிலேயே, வைஹெக்கித் தீவுக்கு வெள்ளோட்டம் விடுவது என்று தீர்மானித்தேன். ஒக்லாந்துத் துறைமுகத்திலிருந்து ஃபெரியில் போகிற தூரம். அதுவும் தீவு, கடல் இருக்கிறது, அப்போதுதான் அங்கே ஒலிவ் மரங்களும் நடத் தொடங்கியிருந்தார்கள். கடற்கரையில் ஒரு ‘பாச்’ வாடகைக்கு எடுத்தேன். பாச் என்றால் இந்த ஊரில் விடுமுறைக்குப் போய் இருக்கிற சின்ன வீடு. நிபந்தனை ஒன்றே ஒன்று: எல்லாம் மால்ட்டாவுக்குப் போகிற மாதிரியே நடக்க வேண்டும்.

“எல்லாம் எண்டா?” என்று மகன் கேட்டான்.

“எல்லாம்.”

முதலில் விமானம். மால்ட்டாவுக்கு ஒரு நாளுக்கு மேல் பறக்க வேண்டும். பிள்ளைகள் தாக்குப்பிடிப்பார்களா என்று பார்க்க வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரவேற்பறையில் நாலு சாப்பாட்டுக் கதிரைகளையும் இடைவெளி விடாமல் சுவரைப் பார்க்க வரிசையாகப் போட்டேன். இடுப்பில் கட்ட என் பழைய பெல்ட்டுகள். சிங்கப்பூர் வரைக்கும் மட்டும் போதும் என்று சலுகையும் கொடுத்தேன்.

மனைவி கதிரையில் இருந்ததும் கண்ணை மூடினாள். தலை ஒரு பக்கம் சரிந்தது. அவள் அப்படி உடனே நித்திரையானதைப் பார்த்து, “பாருங்கோ, அம்மா நல்ல பயணி,” என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மரக்கதிரையில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் இப்படித் தூங்குகிறாள் என்றால் அதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம் என்று மேற்பார்வையாளருக்குத் தோன்றவில்லை.

“எனக்கு டொய்லட் போகோணும்,” என்றான் மகன்.

“பெல்ட் லைட் எரியுது. இரு.”

“எங்கை எரியுது?”

“என்ர வாயிலை எரியுது. இரு எண்டா இரு.”

அவுஸ்திரேலியாவைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் புல்வெட்டும் மெஷினைத் திருப்பித் தர வந்து, கண்ணாடிக் கதவுக்குள்ளால் எட்டிப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் பெல்ட் கட்டி, வெறும் சுவரைப் பார்த்தபடி வரிசையில் இருந்தோம்.

“எவ்ரிதிங் ஓல்ரைட், மேட்?”

“கோயிங் டு மால்ட்டா,” என்றேன்.

அவர் மெஷினைச் சத்தம் போடாமல் வாசலில் வைத்துவிட்டுப் பின்னோக்கியே நடந்து போனார். அதன்பிறகு கொஞ்சக் காலம் எங்களிடம் ஒன்றும் இரவல் கேட்கவில்லை.

இந்த விஷயத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் தீவுக்குப் போகிறவன் அதைச் சொல்லாமல் போனால் தீவுக்குப் போய் என்ன பயன்? மவுண்ட் ரொஸ்கிலில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணைக்குச் சொன்னேன். எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு நண்பருக்கும் சொன்னேன். பாச் எந்த வீதியில், எந்த நிறத்தில் என்பதுவரை சொன்னேன்.

அண்ணை அடுத்த நாளே ஒரு பார்சலோடு வந்துவிட்டார். பிளாஸ்ரிக் பையில் சுற்றி, அதற்கு மேல் பேப்பர் சுற்றி, அதற்கும் மேல் பசைநாடா ஒட்டிய மிளகாய்த்தூள்.

“தம்பி, மச்சான் ஒருத்தன் இத்தாலியிலை நிக்கிறான். மால்ட்டாவிலையிருந்து எட்டிக் குடுக்கிற தூரம்தானே?”

“அண்ணை, போறது அடுத்த வருசம். இது வெள்ளோட்டம்.”

“அப்ப வெள்ளோட்டத்துக்கும் கொண்டு போ. பாரம் தாங்குதோ எண்டு பாரன்.”

தர்க்கத்தில் ஒரு ஓட்டை இல்லை. வாங்கி சூட்கேசில் வைத்தேன்.

புறப்படுகிற நாள் மழை. ஃபெரித் துறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோளில் ஒரு துவாயோடு நிற்கிறார்கள். நாங்கள் நாலு பெரிய சூட்கேசோடும் பாஸ்போர்ட்டோடும் நிற்கிறோம். மகள் எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி, வேறு ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவள் போல நின்றாள். அந்தக் குடும்பம் இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிக் குடும்பம். இருந்தும் அதுதான் அவளுக்கு வசதியாகப் பட்டது.

தீவில் இறங்கியதும் நான் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்று குடிவரவு அதிகாரியானேன். மனைவி சிரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டை நீட்டினாள். அடுத்தது மகன்.

“இந்த நாட்டுக்கு நீர் வந்த நோக்கம்?”

“ஐ வோஸ் ஃபோர்ஸ்ட்,” என்றான்.

பின்னால் வந்த பெரியவர் ஒருவர் கைதட்டினார். மகள் தன் பாஸ்போர்ட்டைத் தரவே இல்லை. சட்டவிரோதமாகத் தீவுக்குள் நுழைந்துவிட்டாள்.

பாச் நன்றாகத்தான் இருந்தது. முன்னால் மரத்தட்டு விறாந்தை, அதற்கு முன்னால் கடல். வாக்குக் கொடுத்தபடி மனைவியைக் குசினிப் பக்கமே விடவில்லை. குசினி வாசலுக்குக் குறுக்கே ஒரு சூட்கேசை வைத்தேன். பாண், ஒலிவ்காய், ஆட்டுப்பால் சீஸ், தக்காளி: மால்ட்டாவில் இதைத்தான் சாப்பிடுவார்கள் என்பது என் ஊகம்.

மழை விட்டதும் அவள் ஒரு கதிரையை விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு இருந்தாள். கடலைப் பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கண் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அது சுடுகிறதா, சீனி காணுமா என்று ஒன்றும் சொல்லாமல் வாங்கினாள். அவளுடைய கைகள் ஒன்றும் செய்யாமல் மடியில் கிடப்பதை நான் அதற்கு முன் பார்த்த ஞாபகம் இல்லை. வேறு யாருடையவோ கைகள் போல இருந்தன. ஒரு முழுப் பின்னேரம் அப்படியே போனது. உள்ளுக்குள் எனக்குப் பெரிய பெருமை. என் தேர் ஓடுகிறது.

அடுத்த நாள் காலையில் மகன் ஒலிவ்காயை முள்ளுக்கரண்டியால் உருட்டிக்கொண்டு கேட்டான்:

“சோறு இல்லையா?”

வீட்டில் சோற்றைக் கண்டால் பேர்கர் கேட்கிறவன். பேர்கரைக் கண்டால் பீட்சா கேட்கிறவன். பிறந்ததிலிருந்து ‘சோறு’ என்ற சொல்லை அவன் தானாகச் சொன்னது அதுதான் முதல்முறை. மகளும் உதவிக்கு வந்தாள்: “ஜஸ்ட் பருப்பு, அப்பா. பருப்பும் சோறும்.”

“மால்ட்டாவிலை பருப்பு இல்லை.”

“திஸ் இஸ் நொட் மால்ட்டா!”

இரண்டு பேரும் விறாந்தைப் பக்கம் பார்த்தார்கள். கதிரையில் இருந்தவளின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. எழும்பவில்லை, ஆனால் நிமிர்ந்தது. நான் பாய்ந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

“அம்மாவிட்டை ஒருத்தரும் கேக்கக்கூடாது. கேட்டா ரெண்டுபேரையும் நாடு கடத்துவன்.”

“பிளீஸ்,” என்றான் மகன், ஆர்வத்தோடு.

மத்தியானத்துக்கு முன் வெயில் எறித்தது. அப்போது வீதியில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. முதலாவதிலிருந்து மவுண்ட் ரொஸ்கில் அண்ணையும் அவர் மனைவியும் இறங்கினார்கள். அவரை நாங்கள் அக்கா என்போம். இரண்டாவதிலிருந்து எல்லர்ஸ்லி நண்பர், அவர் மனைவி, கைக்குழந்தை ஒன்று, ஒரு பெரிய ஐஸ்பெட்டி.

“என்ன சார், தனியா ஃபேமிலியோட தீவுல ஜாலியா இருக்கீங்க! கூப்பிடவே இல்லையே?” என்று நண்பர் என் முதுகில் அடித்தார். “போரடிக்குமேன்னு நாங்களே கிளம்பி வந்துட்டோம். ரெண்டு நாள் இருக்கலாம்னு துணியும் எடுத்துட்டு வந்திருக்கோம்.”

“ஓ! வாங்கோ வாங்கோ!” என்றேன். என் வாய் அப்படிப்பட்டது. விருந்தாளியைக் கண்டால் தலைக்குத் தகவல் போவதற்கு முன்பே திறந்துவிடும்.

ஐஸ்பெட்டியை நண்பர் விறாந்தையில் வைத்து, மூடியைத் திறந்து என் மனைவிக்குக் காட்டினார். ஒரு முழு ஆட்டுக்கால், வெட்டாதது. பக்கத்தில் பாஸ்மதி அரிசிப் பை.

“உங்க கைப்பக்குவத்துல மட்டன் சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சுக்கா! இங்க வர்ற வழியெல்லாம் அதே பேச்சுதான்.”

“ஓம் பிள்ளை,” என்று அண்ணையும் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். “கடல்காத்துக்கு நல்லாப் பசிக்கும். கொஞ்சம் உறைப்பாகவே வை. என்ர தூள் கிடக்குத்தானே, அதைப் பிரி. மச்சானுக்கு அடுத்த வருசம் வேறை தாறன்.”

மனைவி கதிரையை விட்டு எழும்பினாள். ஐஸ்பெட்டிக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லவேண்டிய இடம் அதுதான். ‘இண்டைக்கு நாங்கள் சமைக்கிறம், நீர் இரும்’ என்று ஒரு வரி. அதற்குப் பதிலாக, இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டேன்:

“உமக்குக் கரைச்சல் இல்லைத்தானே?”

“எனக்கென்ன கரைச்சல்,” என்றாள்.

குசினி வாசலில் கிடந்த சூட்கேசை அவளே தள்ளி வைத்தாள். ஆட்டுக்காலைத் தொட்டிக்குள் வைத்தாள். கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் இல்லை, துவாயில் நிதானமாகத் துடைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். மகளிடம் போய் ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு எல்லோருக்கும் பொதுவாக:

“உப்புக் காணாது. ஒருக்கால் டெயறிக்குப் போட்டு வாறன்.”

முகத்தில் ஒரு கோபம் கிடையாது. “பாத்துப் போங்கக்கா,” என்றார் நண்பர்.

நாங்கள் விறாந்தையில் இருந்து ஊர்ப்புதினம் கதைத்தோம். என் விமானக் கதையைச் சொன்னேன். எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புக் குறைந்து பசி கூடியது. டெயறி என்கிற அந்த மூலைக்கடை கூப்பிடு தூரம். உப்பு ஒரு வகைதான் விற்கும். அவள் வரவில்லை. நான் குசினிக்குப் போய்ப் பார்த்தேன். உப்புப் போத்தல் நிரம்பி இருந்தது.

“பிள்ளை, அம்மா எங்கை?”

மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “ஃபெரியிலை போயிட்டா. வீட்டுக்கு. உங்களுக்குப் பசிக்கேக்கைதான் சொல்லச் சொன்னவ.”

முதலில் பேசியது அக்காதான். அவர் மெல்ல எழும்பி, என் மனைவி விட்டுப்போன கதிரையில் போய் இருந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டினார்.

“அப்ப ஆம்பிளையள் பாருங்கோவன்,” என்றார் கடலைப் பார்த்தபடி.

எல்லர்ஸ்லி நண்பரின் மனைவி குழந்தையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் படியில் போய் இருந்தார். “நானும் கொஞ்சம் காத்து வாங்குறேன்க்கா.”

ஆக, ஒரு ஆட்டுக்காலின் முன்னால் மூன்று ஆண்கள். அதை வெட்டுவதற்குப் பாச்சில் ஒரு பாண் கத்தி மட்டும்தான் இருந்தது. மகன் காலைப் பிடிக்க, நான் அரம் போல அறுத்தேன். நண்பர் ஒரு கையில் குழந்தையோடு, “சார், மொதல்ல இஞ்சி பூண்டு வதக்கணும்,” என்றார். அண்ணை, “இஞ்சியோ? முதல்லை வெங்காயம் தம்பி, பிறகு தேங்காய்ப்பால். பால் விடாட்டி அது கறியே இல்லை,” என்றார். “தேங்காய்ப்பாலா? மட்டன்லயா?” என்று நண்பர் வாயைப் பிளந்தார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் மனைவியிடம் தீர்ப்புக் கேட்க விறாந்தைக்கு ஓடினார்கள். “எனக்குத் தெரியாதப்பா,” என்று அக்கா கண்ணைத் திறக்காமல் சொன்னார். நாற்பது வருடம் கறி வைத்தவர்.

இத்தாலி மச்சானின் பார்சலைப் பிரித்து, எவ்வளவு போடுவது என்று தெரியாமல், ஆளுக்கு ஒருமுறை போட்டோம். ஒருவருக்கொருவர் தெரியாமல். அந்தக் கறியைப் பற்றி இவ்வளவுதான் சொல்லலாம்: மகன் கண்ணால் மூக்கால் நீர் ஓட இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டான். சோற்றைக் கண்டு எவ்வளவு காலம் என்பது போல.

சாப்பிட்டு முடிந்ததும் வீதி முனையில் இருந்த ஃபோன் பெட்டிக்கு நடந்து போனேன். கார்ட்டைப் போட்டேன். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தாள்.

“எங்கை நிக்கிறீர்?” என்றேன். வீட்டு நம்பருக்கு எடுத்துவிட்டு இப்படிக் கேட்க இந்த ஊரில் என்னால் மட்டும்தான் முடியும்.

“வீட்டிலை.”

“சாப்பிட்டீரோ?”

“ஓம். பாணும் பட்டரும்.”

“என்ன செய்யிறீர்?”

“இருக்கிறன்.”

பின்னணியில் ஒரு சத்தமும் இல்லை. தொலைக்காட்சி இல்லை, தண்ணீர் ஓடவில்லை, ஒன்றும் கொதிக்கவில்லை. அந்த வீட்டை அவ்வளவு அமைதியாக நான் கேட்டதே இல்லை. நாங்கள் மூன்று பேரும் உள்ளே இருக்கும்வரை கேட்கவும் முடியாது.

“நாளைக்கு வாறீரோ? சனமெல்லாம் உம்மைத்தான் தேடுது.”

“இல்லை. நீங்கள் கிழமை முடிய வாங்கோ. அவசரமில்லை.”

எப்படியாவது இதைச் சரிக்கட்ட வேண்டும். குரலில் கொஞ்சம் குஷியை ஏற்றிக்கொண்டு சொன்னேன்: “இஞ்சாரும், இது வெறும் வெள்ளோட்டம்தானே. பிழையள் வரத்தான் செய்யும். அடுத்த வருசம் ஒருத்தருக்கும் சொல்லாமல் போவம். திங்கட்கிழமையே மால்ட்டாவுக்கு நாலு ரிக்கெட் போடட்டோ?”

“மூண்டு போடுங்கோ,” என்றாள்.